முத்துக்குளித்துறை: கொற்கை முதல் குமரி வரை ஒரு கடற்கரைப் பாதை

முத்துக்குளித்துறை என்பது மன்னார் வளைகுடாவின் தமிழகக் கரைக்கு வழங்கும் பழைய பெயர். வேம்பாறு முதல் கன்னியாகுமரி வரை நீளும் இக்கரையில் முத்தும் சங்கும் குளித்து எடுக்கப்பட்டன. பாண்டியரின் கொற்கை, இடைக்காலக் காயல், போர்ச்சுக்கீசியர் காலப் புன்னைக்காயல், டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் வளர்த்த தூத்துக்குடி ஆகிய துறைமுகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இங்கு எழுந்தன. தூத்துக்குடியைத் தவிர மற்றவை இன்று சிற்றூர்கள். இக்கட்டுரை சங்கரன்கோவிலில் இருந்து புறப்பட்டு, தாமிரபரணிக் கரை வழியாகக் கடலை அடைந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் குமரி வரை செல்லும் பாதையில் அத்துறைமுகங்களின் வரலாற்றைச் சொல்கிறது.

பாதை

சங்கரன்கோவில், சங்கரநாராயணர் கோவிலாலும் ஆடித்தபசு விழாவாலும் அறியப்பட்ட ஊர். 2019 நவம்பரில் உருவான தென்காசி மாவட்டத்தில் உள்ளது. கடலில் இருந்து விலகிய வறண்ட கரிசல், செவல் நிலத்தின் நடுவே இருந்தாலும் இவ்வட்டாரத்துக்கும் கடலுக்கும் நெருங்கிய உறவு உண்டு. கரிசலில் விளைந்த பருத்தி தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலேறியது. அங்கிருந்து உப்பும் கருவாடும் உள்நாட்டுச் சந்தைகளுக்கு வந்தன.

சங்கரன்கோவிலில் இருந்து மானூர் வழியாகத் திருநெல்வேலி ஏறத்தாழ 55 கிலோமீட்டர். அங்கிருந்து திருச்செந்தூர் சாலை தாமிரபரணியின் தென்கரையை ஒட்டிக் கிழக்கே செல்கிறது. ஆதிச்சநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி ஆகியவை இவ்வழியில் உள்ளன. ஆற்றைக் கடந்து ஏரல் சென்றால் அங்கிருந்து கொற்கை அண்மையில் உள்ளது. கொற்கையில் இருந்து பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம், திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம், மணப்பாடு, உவரி, இடிந்தகரை, சின்னமுட்டம் எனப் பாதை தெற்கே இறங்குகிறது.

தேரியும் ஆதிச்சநல்லூரும்

தூத்துக்குடிக்கும் உவரிக்கும் இடையே, கடலை ஒட்டிய உள்நிலத்தில், செம்மணல் மேடுகள் உள்ளன. மக்கள் இவற்றைத் தேரி என்பர். சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம் முதலிய இடங்களில் தேரி மணலுக்குள் நுண்கற்கருவிகள் கிடைத்தன. சாய்னர், ஆல்சின் ஆகிய தொல்லியலாளர்கள் 1956இல் இவற்றைப் பற்றி விரிவாக எழுதினர். கடல்மட்டம் ஏறி இறங்கிய காலத்தில் இக்கரையில் வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்த மக்களின் தடயங்களாக அவை கருதப்படுகின்றன. துறைமுகங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இங்கு மனிதர் வாழ்ந்தனர் என்பதற்கு அவை சான்று.

ஆதிச்சநல்லூர், தாமிரபரணியின் தென்கரையில் 114 ஏக்கர் பரப்பில் அமைந்த இடுகாடு. 1876இல் ஜெர்மானியரான யாகோர் இங்கு அகழ்ந்து, கிடைத்த பொருட்களைப் பெர்லினுக்குக் கொண்டு சென்றார். பின்னர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் சில ஆண்டுகள் முறையாக அகழ்ந்தார். முதுமக்கள் தாழிகள், இரும்புக் கருவிகள், வெண்கலப் பாத்திரங்கள், பொன்னாலான நெற்றிப்பட்டங்கள் ஆகியவை வெளிவந்தன. அவற்றுள் பல சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன. 2004-2005இல் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் இங்கு அகழ்ந்தது. ஆற்றின் வடகரையில் உள்ள சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல்லுமியின் காலம் கி.மு. 1155 எனக் கணிக்கப்பட்டதாக 2021இல் தமிழக அரசு அறிவித்தது. கொற்கைத் துறைமுகத்துக்குப் பின்புலமாக இருந்தது இந்த ஆற்றங்கரைச் சமூகமே.

கொற்கை

கொற்கையைக் காணச் செல்பவர் கடலைத் தேடினால் ஏமாறுவார். வயல்களும் வாழைத்தோட்டங்களும் குளமும் சூழ்ந்த அமைதியான ஊர் அது. கடல் பல கிலோமீட்டர் கிழக்கே உள்ளது. சங்க இலக்கியத்தில் அகநானூறு, மதுரைக்காஞ்சி, சிறுபாணாற்றுப்படை முதலியவை கொற்கையையும் அதன் முத்தையும் குறிப்பிடுகின்றன. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளூசும், இரண்டாம் நூற்றாண்டின் தாலமியும் இதைக் ‘கொல்கோய்’ என்கின்றனர். முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற கைதிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்பது பெரிப்ளூஸ் தரும் செய்தி. இலக்கியம் முத்தின் ஒளியைப் பாடியபோது, அதை எடுக்க மூழ்கியவரின் நிலையை அயல்நாட்டு வணிகரின் குறிப்பே நமக்குச் சொல்கிறது.

திருநெல்வேலியில் வாழ்ந்த பாதிரியார் ராபர்ட் கால்டுவெல் 1870களில் கொற்கையிலும் காயலிலும் ஆய்வு செய்தார். நிலத்தைத் தோண்டியபோது கிடைத்த கடற்சிப்பிகளையும் மண்ணின் தன்மையையும் கொண்டு, ஆறு கொண்டுவந்த வண்டலால் கரை கிழக்கே நகர்ந்தது என்று அவர் விளக்கினார். 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை இங்கு அகழாய்வு செய்தது. கிடைத்த கரிமத்தின் காலக்கணிப்பு கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சுட்டியது. 2021இல் நடந்த அகழாய்வில் செங்கல் கட்டுமானமும், ஒன்பது அடுக்குகள் கொண்ட சுடுமண் குழாய் அமைப்பும் வெளிப்பட்டன. அறுக்கப்பட்ட சங்குகளும் சங்கு வளையல் துண்டுகளும் இங்கு சங்கறுப்புத் தொழில் நடந்ததைக் காட்டுகின்றன.

சிலப்பதிகாரத்தில் கொற்கையில் இருந்து ஆண்ட வெற்றிவேற்செழியன் கண்ணகிக்கு விழா எடுத்த செய்தி வருகிறது. ஊரில் உள்ள வெற்றிவேலம்மன் கோவிலை மக்கள் கண்ணகியோடு தொடர்புபடுத்துகின்றனர். அக்கசாலை ஈஸ்வரமுடையார் கோவிலின் பெயர் இங்கு நாணயச்சாலை இருந்ததை நினைவூட்டுவதாகக் கூறப்படுகிறது. குளக்கரையில் உள்ள பழமையான வன்னிமரம் ஊரின் அடையாளம்.

பழையகாயலும் காயல்பட்டினமும்

கொற்கையில் கப்பல் நுழைய முடியாமல் போனபோது துறைமுகம் ஆற்றின் வாயைத் தொடர்ந்து கடலை நோக்கி நகர்ந்தது. அவ்வாறு எழுந்தது காயல். கடலோரக் கழியைக் குறிக்கும் சொல்லே ஊருக்குப் பெயரானது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், கிஷ், ஏடன் ஆகிய இடங்களில் இருந்து குதிரைகளோடு வரும் கப்பல்கள் எல்லாம் இத்துறையைத் தொடும் என்று எழுதினார். பாண்டிய அரசர்கள் ஆண்டுதோறும் பெரும்பொருள் கொடுத்துக் குதிரைகள் வாங்கியதையும், வளர்க்கத் தெரியாததால் ஆண்டு முடிவில் சிலவே எஞ்சியதையும் அவர் குறிப்பிடுகிறார். முத்துக்குளிப்பைப் பற்றிய அவருடைய விவரிப்பும் முக்கியமானது. கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், இருபதில் ஒரு பங்கு சுறாவைக் கட்டும் மந்திரவாதிகளுக்கும் போயிற்று என்கிறார்.

மார்க்கோ போலோவின் காயல் இன்றைய பழையகாயலே என்பது கால்டுவெல்லின் முடிவு. பழையகாயலைச் சுற்றி இன்று உப்பளங்கள் பரந்துள்ளன. தெற்கே உள்ள காயல்பட்டினம் அரபு வணிகத் தொடர்பின் தொடர்ச்சியாக வாழும் ஊர். பழமையான பள்ளிவாசல்களும், அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் மரபும் இவ்வூரின் சிறப்பு. நபிகள் மீது திருப்புகழ் பாடிய காசிம் புலவர் இவ்வூரினர்.

புன்னைக்காயலும் அச்சும்

காயலும் தூர்ந்தபின் ஆற்றின் புதிய வாயில் புன்னைக்காயல் எழுந்தது. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள், முத்து வணிகத்தில் தங்களை நெருக்கிய போட்டியாளர்களிடமிருந்து காப்புத் தேடிக் கொச்சியிலிருந்த போர்ச்சுக்கீசியரை அணுகினர். அதைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கானோர் கத்தோலிக்கம் தழுவினர். வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு ஆகியவை ‘ஏழு கடற்றுறை’ எனப்பட்டன. தூத்துக்குடியில் இருந்த சாதித்தலைவர் பாண்டியபதி என அழைக்கப்பட்டார். ஊர்த்தலைவர்கள் பட்டங்கட்டிகள் எனப்பட்டனர்.

இயேசு சபையைச் சேர்ந்த ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் அடிகள் புன்னைக்காயலை மையமாகக் கொண்டு நெடுங்காலம் பணியாற்றினார். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சானது. இந்திய மண்ணில் இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் அச்சான முதல் நூல் அது. 1586இல் அச்சான ‘அடியார் வரலாறு’ புன்னைக்காயலில் அச்சிடப்பட்டதாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. அந்நூலின் முதல் வாசகர்கள் இக்கரையின் மீனவர்கள் என்பது தமிழ் அச்சு வரலாற்றில் அதிகம் பேசப்படாத செய்தி. இன்று புன்னைக்காயல், சாலை முடியும் இடத்தில், ஆறும் கடலும் சந்திக்கும் ஒரு நாட்டுப்படகு ஊர்.

தூத்துக்குடி

கொற்கை, காயல், புன்னைக்காயல் மூன்றும் தாமிரபரணியை நம்பி எழுந்து அதன் வண்டலால் அழிந்தவை. தூத்துக்குடி ஆற்றுவாயில் அமையாததும், முன்னால் உள்ள தீவுகள் அலையைத் தடுத்ததும் அது நிலைத்து நிற்கக் காரணங்கள். ஆயினும் கரையோரம் ஆழமில்லை. பெரிய கப்பல்கள் பல மைல் தள்ளியே நின்றன. சரக்கையும் பயணிகளையும் தோணிகளும் படகுகளும் ஏற்றி இறக்கின. தோணித்தொழில் வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். தூத்துக்குடித் தோணிகள் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சென்றுவந்தன.

1658இல் டச்சுக்காரர் போர்ச்சுக்கீசியரிடம் இருந்து தூத்துக்குடியைக் கைப்பற்றினர். 1825இல் அது ஆங்கிலேயர் கைக்கு இறுதியாக வந்தது. 1876இல் ரயில் வந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்படும் வரை சென்னையில் இருந்து கொழும்பு செல்வோர் தூத்துக்குடியில்தான் கப்பல் ஏறினர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்களில் பலருக்கும் தாய்நாட்டின் கடைசிக் காட்சி இக்கரையே. 1906இல் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார். 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கினார். ஆழ்கடல் துறைமுகம் 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011இல் அதற்கு வ.உ.சி. பெயர் சூட்டப்பட்டது. 1713இல் கட்டி முடிக்கப்பட்ட பனிமய மாதா ஆலயத்தின் திருவிழா ஆகஸ்ட் 5ஆம் நாள் நிறைவுறும்.

முத்துக்குளிப்பு

முத்துச்சிப்பிகள் கடலடிப் பாறைத் திட்டுகளில் வளர்ந்தன. இவற்றைப் பார் என்பர். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொலாயிரம் பார் அவற்றுள் பெயர்பெற்றது. குளிப்பவர் கல்லைக் காலில் பற்றிக்கொண்டு விரைந்து இறங்குவார். மூச்சடங்கும் நேரத்துக்குள் சிப்பிகளைப் பையில் சேர்ப்பார். கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர் இழுத்துக்கொள்வார். கயிறு பிடிப்பவரின் கவனத்தில் குளிப்பவரின் உயிர் இருந்தது.

சிப்பி ஆண்டுதோறும் கிடைப்பதில்லை. பல ஆண்டுகள் பார்கள் வெறுமையாகக் கிடக்கும். ஆட்சியாளர் சிப்பிகளின் வளர்ச்சியைச் சோதித்த பின்பே குளிப்பை அறிவித்தனர். தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. 1973இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர்கள் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினர். ஆனால் குளிப்பு மீளவில்லை. சங்குகுளித்தல் மட்டும் தொடர்ந்தது. இக்கரையின் வலம்புரி, இடம்புரிச் சங்குகளில் பெரும்பகுதி வளையல் செய்ய வங்கத்துக்குச் சென்றது. கொற்கை அகழாய்வில் கிடைத்த சங்கு வளையல் துண்டுக்கும் இன்றைய வங்க மணப்பெண்ணின் வளையலுக்கும் மூலப்பொருள் ஒன்றே.

மீன்பிடித் துறைமுகம்

முத்துக்குப் பின் மீனே இக்கரையின் வாழ்வாதாரம். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் காலை 5 மணிக்குப் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும் என்பது விதி. மாலையிலும் இரவிலும் ஏலம் நடக்கும். நாட்டுப்படகுகள் திரேஸ்புரம் போன்ற கரைகளில் அதிகாலையிலேயே சாளை, நெத்திலி, சீலா, பாறை, கணவாய் ஆகியவற்றைக் கொண்டுவந்து சேர்க்கும். மீன் இனப்பெருக்கத்துக்காக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை உண்டு.

இழுவலை இக்கரைக்கு வந்தபின் விசைப்படகினருக்கும் நாட்டுப்படகினருக்கும் மோதல்கள் எழுந்தன. இறால் ஏற்றுமதி தந்த லாபம் ஒருபுறம், கடலடியை வழித்தெடுக்கும் வலையால் குறைந்த மீன்வளம் மறுபுறம். 1983இல் வந்த தமிழ்நாடு கடல்மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையை ஒட்டிய 3 கடல்மைலை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. முன்பு சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகள் வெட்டப்பட்டதும், அலையரிப்பும் சேர்ந்து அவற்றுள் சில தீவுகளை நீரில் மூழ்கடித்துவிட்டன. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான்தீவும் அரிக்கப்பட்டுச் சுருங்கியது. தூத்துக்குடியின் துறைமுகத்தைக் காத்தவை அத்தீவுகளே.

திருச்செந்தூர் முதல் உவரி வரை

திருச்செந்தூர் அலைவாய்க்கரையில் அமைந்த முருகன் தலம். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் டச்சுக்காரர் இக்கோவிலைப் பிடித்து, சிலைகளைக் கவர்ந்து சென்றனர். கடலில் இடப்பட்ட சிலையை வடமலையப்பப் பிள்ளை மீட்டதாகக் கோவில் வரலாறு கூறுகிறது. தெற்கே உள்ள குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசரா விழாவால் புகழ்பெற்றது. 1942இல் இவ்வூர் உப்பளத்தில் நடந்த விடுதலைப் போராட்டத் தாக்குதலில் லோன் என்னும் ஆங்கில அதிகாரி கொல்லப்பட்டார். 2024 பிப்ரவரியில் இங்கு இந்தியாவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

மணப்பாட்டில் மணல்மேடும் பாறைக்குன்றும் கடலுக்குள் நீண்டிருக்கின்றன. 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகக் கூறப்படும் குகை குன்றின் கடற்புறத்தில் உள்ளது. குன்றின் மேல் 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயத்தின் விழா செப்டம்பர் 14இல் நடைபெறும். சவேரியார் இக்கரையில் தமிழ் ஜெபங்களை மனப்பாடம் செய்து மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். உவரியில் அந்தோணியார் ஆலயமும் சுயம்புலிங்க சுவாமி கோவிலும் அருகருகே உள்ளன. ‘ஆழி சூழ் உலகு’, ‘கொற்கை’ ஆகிய நாவல்களை எழுதிய ஜோ டி குருஸ் உவரியில் பிறந்தவர். ‘கொற்கை’ 2013இல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. பரதவர் வாழ்வை அவர்களுக்குள் இருந்தே விரிவாக எழுதிய நாவல்கள் இவை.

குமரியும் மயன் மரபும்

கூடங்குளத்தையும், அணுவுலைக்கு எதிராக மீனவர்கள் நெடுங்காலம் போராடிய இடிந்தகரையையும் கடந்தால் சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகம் வருகிறது. அடுத்தது கன்னியாகுமரி. கடல்நடுவே நிற்கும் 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1இல் திறக்கப்பட்டது. பீடம் 38 அடி, சிலை 95 அடி. அறத்துப்பாலின் 38 அதிகாரங்களையும் மற்ற இரு பால்களின் 95 அதிகாரங்களையும் அவை குறிக்கின்றன. 2004 ஆழிப்பேரலையைச் சிலை தாங்கி நின்றது. இதை வடிவமைத்தவர் பிள்ளையார்பட்டியில் பிறந்த வை. கணபதி ஸ்தபதி (1927-2011).

கணபதி ஸ்தபதி, தமிழ்ச் சிற்ப மரபின் மூலவர் மயன் என்று கொண்டவர். சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் மயன் தெய்வத் தச்சனாகக் குறிப்பிடப்படுகிறான். கட்டடக்கலை நூலான மயமதம் அவன் பெயரில் வழங்குகிறது. 1990களில் நடு அமெரிக்காவின் மாயா நகரங்களைச் சென்று கண்ட ஸ்தபதி, அங்குள்ள கட்டட அளவுகளிலும் மயன் மரபைக் கண்டதாக எழுதினார். தமிழர் கடல்கடந்து மெக்சிகோ வரை சென்றனர் என்ற நம்பிக்கை இதனால் பரவலாயிற்று. இன்றும் இக்கரைக்கு வருவோர் பலர் அதைக் கேட்டறிந்தே வருகின்றனர்.

வரலாற்றாய்வாளர்கள் இதை ஏற்பதில்லை. மாயா எழுத்துகள் 1950களில் இருந்து படிப்படியாக வாசிக்கப்பட்டுவிட்டன. அவை மாயா மொழிகளிலேயே, அம்மண்ணின் அரசர்களையும் போர்களையும் சடங்குகளையும் பற்றிப் பேசுகின்றன. இன்றும் பல லட்சம் பேர் அம்மொழிகளைப் பேசுகின்றனர். ‘மாயா’ என்ற பெயரின் ஒலியொற்றுமை தற்செயலானது. அவர்களின் நகரங்கள் அவர்களின் முன்னோர் கட்டியவை. அப்பெருமையை வேறொருவருக்குக் கொடுப்பது அவர்களுக்கு இழைக்கும் அநீதி.

ஒப்பிட வேண்டுமானால் வேறொன்றை ஒப்பிடலாம். காயல் செழித்த 13ஆம் நூற்றாண்டு முதல் கரீபியக் கடலோரத்தில் துலூம் என்னும் மாயாத் துறைமுகமும் செழித்தது. 1518இல் ஸ்பானியக் கப்பல்கள் அக்கரையை அடைந்தன. ஏறத்தாழ அதே தலைமுறையில் போர்ச்சுக்கீசியர் முத்துக்குளித்துறையில் காலூன்றினர். இரு கரைகளிலும் பழைய கடல்வணிகம் ஐரோப்பியர் கைக்குப் போனது, மக்கள் கத்தோலிக்கராயினர். இரு கரையினரும் ஒருவரையொருவர் அறிந்திருக்கவில்லை. ஒரே உலக நிகழ்வு இருவரையும் தொட்டது.

இன்றைய நிலை

கொற்கைக்கு மெக்சிகோவின் சான்று தேவையில்லை. தாலமியும் மார்க்கோ போலோவும் எழுதியவையும், மண்ணுக்குள் கிடைத்த தாழியும் சங்கும் போதும். ஆயினும் இக்கரையின் மரபைக் காண வருவோர் பெரும்பாலும் அகழாய்வுக் குழிகளையும் கோவில்களையும் கண்டு திரும்புகின்றனர். பார்களின் பெயர்களையும், நீரோட்டத்தின் திசைகளையும், காற்றின் வகைகளையும் நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் ஏலக்கூடத்தின் நிழலில் வலை பின்னிக்கொண்டிருக்கிறார்கள். 1961இல் கடைசியாக முத்துக்குளித்த தலைமுறையினர் அருகி வருகின்றனர். அவர்கள் சொல்லக்கூடியதில் பெரும்பகுதி இன்னும் எழுதப்படவில்லை.

கொற்கையில் இருந்து கடல் விலகிச் சென்றது. இன்று இக்கரையின் பல ஊர்களில் கடல் உள்ளே வருகிறது. அலையரிப்பால் வீடுகளும் படகு நிறுத்தும் மணற்பரப்பும் குறைகின்றன. தூண்டில் வளைவுகள் வேண்டும் என்பது ஊர்கள்தோறும் கேட்கும் கோரிக்கை. ஓரிடத்தில் தூண்டில் வளைவு கட்டினால் மணல் அங்கே தங்கி, அடுத்த ஊரில் அரிப்பு கூடுகிறது என்பதால் அதுவும் முழுத் தீர்வாகவில்லை. கரை நகரும்போதெல்லாம் துறைமுகத்தையும் தங்களையும் இடம்மாற்றிக்கொண்டவர்கள் இம்மக்கள். அன்று ஆறு ஒதுக்கிய புது மணலில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. இன்று சாலைக்கும் உப்பளத்துக்கும் தொழிற்சாலைக்கும் இடையே அவர்கள் பின்வாங்க இடமில்லை.